சர்வர் நிரம்பிய ஞாயிறு

என் வேலை என்னவென்று மேலகரத்தில் ஒருவருக்கும் நான் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. "டேட்டாபேஸ் பாக்குதேன்" என்றால், "அப்ப எங்க வீட்டு பிரின்டர் மக்கர் பண்ணுது, அதையும் ஒரு எட்டு பாத்துருங்க" என்பார்கள். இன்னும் எளிதாகச் சொல்வோம் என்று, "ஒரு சர்வரப் பாத்துக்கிடுத வேலை" என்று எதிர்வீட்டு அக்காவிடம் ஒருமுறை சொன்னேன். அவர், "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அந்த வார்த்தையை எடுத்திருக்கக் கூடாது.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் சென்னையில் இருக்கிறது. மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை நடத்துகிற ஒரு கம்பெனியுடையது. ஏதோ ஓர் ஊரில் ஒருவர் கடைக்குப் போய் இருமல் மருந்து கேட்டால், கடைக்காரர் கணினியில் தட்டுகிற அந்த பில் எங்கள் சர்வரில் வந்துதான் விழும். எந்த மருந்து எவ்வளவு மிச்சம், எது காலாவதி ஆகப்போகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதற்குக் காவல் நான் ஒருத்தி. முன்பு இன்னொருவரும் இருந்தார். வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடப்போவதாகக் கம்பெனி அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் நான் போகிற இடமெல்லாம் லேப்டாப்பும் வந்தது. கல்யாண வீடு, காதுகுத்து வீடு, தேரோட்டம் எல்லாவற்றுக்கும் கைக்குழந்தைக்காரி மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஸ்டோர் பார்த்தவர். துப்பாக்கி தூக்கிய கதைகளைவிட, கம்பளிப் போர்வை எண்ணிய கதைகள்தான் அவரிடம் அதிகம். அவர் பொறுப்பில் இருந்த ஸ்டோரில் ஒரு ஆணிகூடக் குறைந்ததில்லை என்று சொல்லுவார். எத்தனை முறை கேட்டாலும் அதே ஆணிதான். ஓய்வு பெற்று வந்தபிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் சிரமப்பட்டார். வீட்டுச் சமையலறையில் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிப் பார்த்தார். நான் பருப்பை எடுத்து உளுந்து டப்பாவில் கொட்டி வைத்ததும் மனம் வெறுத்து விட்டுவிட்டார். அதற்கப்புறம் மாடி அறையில் நான் வேலை செய்யும்போது பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். நான் போனில் பேசுவதைக் கேட்டுக்கேட்டு, பேக்கப், ரெஸ்டோர், டவுன் என்று சில வார்த்தைகள் அவருக்குப் பிடிபட்டிருந்தன. மின்சாரம் போனால், "கரண்ட் டவுன்" என்று அறிவிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். தூத்துக்குடியிலிருந்து என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், முந்தின நாளே வந்து இறங்கியிருந்தார். மதினிக்கு ஐந்தருவிதான் பிடிக்கும். மெயின் அருவியில் கூட்டம், பழைய அருவியில் படிக்கட்டு, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை வைத்திருப்பார். வீட்டிலேயே மதினியும் நானும் உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, காரில் பழைய சேலை விரித்து உட்கார்ந்து போனோம். லேப்டாப் பின்பக்கத்தில், மாற்றுத் துணிக்கும் புளியோதரைக்கும் நடுவே வந்தது.

ஐந்தருவியில் பெண்களுக்குத் தனிப் பக்கம். வரிசையில் போய் நிற்பதற்கு முன், போனையும் கண்ணாடியையும் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

"பாத்து வச்சிக்கிடுங்க" என்றேன்.

"ஏட்டி, யார்கிட்ட சொல்லுத?" என்றார்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத எனக்கு உலகம் முழுவதும் சாரலுக்குள் இருக்கிற மாதிரிதான் தெரியும். மதினியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தேன்.

நாங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்விட்டோம். நீர்த்துளி முகத்தில் படுகிற தூரம். அப்போது வெளியிலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு குரல். அருவிச் சத்தத்தை மீறி அப்படிக் கூப்பிட ராணுவத்தில் இருந்தவரால்தான் முடியும். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் நிற்பது உருவமாகத் தெரிந்தது.

"சென்னைலருந்து போன். சர்வர் டவுனாம்" என்றார்.

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார்கள். ஒரு அம்மா வழிவிட்டு, "போ தாயி, போ" என்றார். மதினி மட்டும் அசையவில்லை. "நீ போயிட்டு வா. நான் ஒனக்கும் எடம் போட்டு வைக்கேன்" என்றார். அருவியில் எப்படி இடம் போடுவார் என்று கேட்க நேரமில்லை.

எண்ணெய் வழிய வெளியே வந்தேன். "யாரு பேசுனா, என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ஒங்க மேனேஜரு. என்னமோ ஒரு எடம் நெறஞ்சு போச்சாம். எந்தக் கடையிலயும் பில் விழலையாம். பழைய ஃபைல எல்லாம் அழிச்சிரட்டான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். பொறுப்பாளர் வந்து பாக்குத வரைக்கும் ஸ்டோர்லருந்து ஒரு பொருளு வெளிய போகக் கூடாது. சரின்னுட்டாரு."

அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அதைவிடச் சரியான பதிலை நானும் சொல்லியிருக்க முடியாது. விஷயம் இதுதான். டேட்டாபேஸ் எதையும் இரண்டு இடத்தில் எழுதும். ஒன்று அதற்குரிய இடத்தில். மற்றொன்று நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டே போகிற ஒரு பதிவில். அந்தப் பதிவு ஓர் அளவு சேர்ந்ததும், அதைக் கட்டுக் கட்டாக ஆர்கைவ் என்ற டைரக்டரியில், அதாவது தனி ஃபோல்டரில், அடுக்கிவிடும். என்றைக்காவது டிஸ்க் கெட்டுப்போனால், கடைசி நிமிடம் வரைக்கும் எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டு வர அந்தக் கட்டுகளைத்தான் நம்ப வேண்டும். அதனால் தினமும் அவற்றை வேறு இடத்துக்கு நகலெடுத்து, நகல் சரியாக இருக்கிறது என்று பார்த்தபிறகே இங்கே அழிப்போம். அடுக்க இடமில்லை என்று வந்துவிட்டால் டேட்டாபேஸ் அப்படியே நின்றுவிடும். எழுதி வைக்க முடியாத வேலையை அது செய்யாது. வீட்டுக்காரரிடம் பிற்பாடு இதைச் சொன்னபோது, "அது சரிதானே" என்றார். சர்வருக்கும் அவருக்கும் அன்று ஏற்பட்ட நட்பு இன்றைக்கும் நீடிக்கிறது.

"சரி, கண்ணாடியக் குடுங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடிய எங்க?"

"போன் வந்துச்சுல்லா. எடுக்கதுக்காக ஒரு நிமிசம் இந்தக் கைப்பிடிச் சுவர் மேல வச்சேன்." அதற்கு மேல் சொல்லாமல் எதிரே இருந்த கடையின் தகரக் கூரையைக் காட்டினார். எனக்கு அங்கே ஒரு பழுப்பு உருண்டைதான் தெரிந்தது. அது என் கண்ணாடியின் ஒரு காதைக் கடித்துக்கொண்டிருப்பதாக அவர்தான் விவரித்தார்.

குரங்கோடு அவர் பேச்சுவார்த்தை நடத்தினார். முதலில் அதட்டினார். அது பல்லைக் காட்டியது. பிறகு வாழைப்பழம் வாங்கி நீட்டினார். அது இறங்கி வந்து பழத்தை வாங்கிக்கொண்டு, கண்ணாடியோடு திரும்பக் கூரைக்கே போய்விட்டது. இரண்டாவது பழத்துக்கு இறங்கவேயில்லை. ஆணிகூடக் குறையாத ஸ்டோர்க்காரர் பழச்சீப்போடு நிற்பதை அந்த நேரத்தில் நான் ரசித்திருக்க வேண்டும். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்ததால் ரசிக்க முடியவில்லை. ஞாயிறு காலையில் எத்தனை கடைகளில் எத்தனை பேர் மருந்துச் சீட்டோடு நிற்பார்கள் என்ற நினைப்பு வேறு.

லேப்டாப்பை எடுத்தோம். கார் நின்ற இடத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. மலைப்பக்கம் அப்படித்தான். வீட்டுக்காரர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, நான் லேப்டாப்பை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு பின்னே போனேன். மங்குஸ்தான், ரம்புட்டான் குவித்து வைத்திருந்த ஒரு பழக்கடையின் ஓரத்தில் சிக்னல் கிடைத்தது. கடைக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எண்ணெய்த் தலையோடு நான் நிற்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு, பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "இங்கன உக்காருங்கக்கா, தார்ப்பாய்க்குள்ள. நனையாது" என்றார்.

தன் மூக்குக் கண்ணாடியையும் கழற்றித் தந்தார். போட்டுப் பார்த்தேன். எனக்கு வலது கண்ணுக்கு ஒரு பவர், இடதுக்கு இன்னொன்று, இரண்டிலும் ஏதோ சாய்மானக் கணக்கு. அவர் கண்ணாடியில் ஒவ்வொரு எழுத்தும் இரட்டைப் பிள்ளையாகத் தெரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரே வரி நாலாக ஒடிந்து, எது தலை எது வால் என்று தெரியவில்லை. வேறு யாருடைய சர்வராக இருந்தாலும் ஊகத்தில் வேலை செய்யலாம். இதில் ஒரு எழுத்து பிசகினால் இல்லாமல் போவது ஊர்பட்ட பேருடைய கணக்கு.

வீட்டுக்காரர் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். "நான் வாசிக்கேன். நீ அடி" என்றார். கண்ணாடியைத் தொலைத்த குற்றவுணர்ச்சி அவர் குரலில் கொஞ்சம் இருந்தது. அதைவிட, எண்ணுவதற்கு மறுபடி ஒரு ஸ்டோர் கிடைத்த சந்தோஷமும் இருந்தது.

மேனேஜரை ஸ்பீக்கரில் போட்டோம். அவர் நல்ல மனிதர். எல்லாவற்றிலும் அவசரம் மட்டும்தான். "மேடம், ஆர்கைவ்ல பழைய ஃபைல் நிறைய இருக்கு. எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டா உடனே ஓடிடும். சார்தான் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார். 'சார்' என்றபோது குரலில் ஒரு பயம் இருந்தது. அந்த சார் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இன்னைக்கு உள்ளது ஒண்ணும் இன்னும் நகல் ஆகலை சார். அழிச்சா, இன்னைக்குப் போட்ட பில்லுக்குப் பாதுகாப்பே இல்லாமப் போயிரும். கொஞ்சம் பொறுங்க, பாக்குதேன்" என்றேன்.

உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டியிருந்தது. அதை வீட்டுக்காரர் ஒவ்வொரு எண்ணாக, பழம் வாங்க வந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார். ஆண்டுதோறும் நான் எழுதிக் கொடுக்கிற ரகசியக் காப்பு உறுதிமொழியை நினைத்துக்கொண்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரவருக்கு ரம்புட்டான் விலைதான் முக்கியம்.

எந்த இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய அளவுக்குப் பழகிய கட்டளை. "ஆர்கைவ்னு ஒரு வரி இருக்கும். அதுல கடைசில என்ன போட்டுருக்கு?" என்றேன்.

"நூத்துக்கு நூறு" என்றார், பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வது போல.

அடுத்து, அந்த டைரக்டரியில் உள்ளவற்றைப் பெரியது முதலாக வரிசைப்படுத்தச் சொன்னேன். ஆர்கைவ் கட்டுகள் எல்லாம் ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே வரிசையின் முதலில் இருப்பதும் மற்றவை போலவே இருக்க வேண்டும். "மேல இருக்குத பேர வாசிங்க" என்றேன்.

அவர் மூக்கை லேப்டாப் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "இது மத்ததெல்லாம் மாதிரி இல்ல. ரொம்பப் பெருசா இருக்கு. மிச்சம் அம்புட்டையும் கூட்டுனாலும் இது அளவுக்கு வராது போல."

"பேரு என்ன?"

"டெம்ப், ஒரு கோடு, டோன்ட் டெலீட்." நிறுத்தினார். "தற்காலிகம்னுட்டு அழிக்காதேன்னும் போட்டுருக்கான். எவன்டி இவன்? எங்க ஸ்டோர்ல இப்படி எழுதுனா மெமோ குடுத்துருப்பேன்."

"அதே வரில நடுவுல ஒரு ஆள் பேர் இருக்கும். யார் வச்சதுன்னு."

அவர் வாசித்தார். மேனேஜருடைய பெயர்.

இணைப்பு போய்விட்டதோ என்று வீட்டுக்காரர் போனை ஆட்டிப் பார்த்தார்.

"அது நான்தான் மேடம்" என்று மெதுவாக வந்தது. "புது வாடிக்கையாளர் ஒருத்தருக்கு டெமோ காட்ட மொத்த டேட்டாபேஸையும் காப்பி எடுத்தேன். அப்போ அங்கதான் இடம் இருந்துச்சு. அடுத்த நாள் எடுத்துடலாம்னு நினைச்சேன்."

அந்த அடுத்த நாள் வரவேயில்லை. காப்பி பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மிச்ச இடம் சாதாரண நாட்களுக்குப் போதுமாயிருந்தது. அன்று காலை எல்லாக் கடைகளின் சரக்கையும் ஒத்துப்பார்க்கும் மாதாந்திர வேலை ஓடியிருக்கிறது. அது வழக்கத்துக்கு மேல் எழுதித் தள்ளியதும் இடம் முடிந்துவிட்டது. இடம் குறைகிறது என்று சர்வர் விடிந்ததிலிருந்தே எச்சரிக்கை அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அத்தனையும் வேலையை விட்டுப் போனவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. இது சாயங்காலம் தெரிந்தது.

"இப்ப அது தேவையா சார்?"

"வேண்டாம் மேடம். அழிச்சிடுங்க."

நான் விரலைக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போனைப் பார்த்து, "சார், வாயால சொன்னாப் பத்தாது. எழுத்துல குடுங்க" என்றார்.

"ஏங்க" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

அந்தப் பக்கத்தில் "எஸ் சார்" என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் போனுக்குச் செய்தி வந்தது. கோப்பின் முழுப் பெயரையும் போட்டு, இதை அழிக்கலாம், இது என் பொறுப்பு என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்து, திரையில் இருந்த பெயரோடு ஒப்பிட்டு, "ம்" என்றார்.

அந்தக் கோப்பை வேறு ஏதாவது பயன்படுத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லித் தட்டினேன். முழுக்க அடித்தபிறகு, அழிப்பதற்கு முன் அதே பெயரைக் கொடுத்து, இருக்கிறதா என்று சர்வரிடம் கேட்டேன்.

"அப்படி ஒரு ஃபைல் இல்லைங்குது" என்றார். முகம் சிவந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. "கண்ணு முன்னால கெடக்கு. இல்லைங்குது பாரு."

திரும்ப வாசிக்கச் சொன்னேன். நடுவிலிருந்த கோடு கீழே இழுத்த கோடு. அவர் பொதுவாகக் கோடு என்று சொல்ல, நான் நடுவில் போடும் கோட்டைத் தட்டியிருக்கிறேன். எண்ணெய் வழிந்து கண்ணோரம் எரிந்தது. பிசகான பெயரில் வேறொரு கோப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதை அவர் பார்த்திருக்க வேண்டும். குரலை மாற்றிக்கொண்டார். அவசரமே இல்லாதது போல, "மெதுவா அடி. ஒண்ணும் ஓடிப் போகலை. நான் இங்கனதான் இருக்கேன்" என்றார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் அவர் சொல்ல, நான் திரும்பச் சொல்ல, இருவரும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலப் போய்க்கொண்டிருந்தோம்.

இந்தத் தடவை சர்வர் இருக்கிறது என்றது. அழிக்கும் கட்டளையைக் கொடுத்து என்டரைத் தட்டினேன். மீண்டும் இடத்தைக் கேட்டேன்.

"நாப்பத்தாறு" என்றார். குரலில் வருத்தம். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அடுத்த பரீட்சையில் சறுக்கியது போல.

"அதான் வேணும்" என்றேன்.

இடம் கிடைத்துவிட்டது என்பது டேட்டாபேஸுக்கு உடனே தெரியாது. கொஞ்சம் விட்டுவிட்டு அதுவாக மறுபடி முயன்று பார்க்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். கடைக்கார அம்மா ஒரு மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து அழுத்தி உடைத்து, வெள்ளைச் சுளையை என்னிடம் நீட்டினார். "சாப்பிடுங்கக்கா. பதறிப் போயிருக்கீங்க. ஆசுபத்திரில யாரு, சொந்தமா?"

மருந்து, டவுன், காப்பாற்றுவது என்று காதில் விழுந்ததை வைத்து அவர் ஒரு நோயாளியையே உருவாக்கியிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "இனி பயமில்லம்மா. எந்திரிச்சிருவாரு" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் மேனேஜரின் குரல் வந்தது. "மேடம், பில் விழ ஆரம்பிச்சிடுச்சு. எல்லாக் கடையிலயும் விழுது." அவருக்குப் பின்னால் யாரோ கை தட்டினார்கள். பழக்கடை அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். அப்போதுதான் நான் சுளையை வாயில் போட்டேன்.

குளித்து முடித்து, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு மதினி வந்தார். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். லேப்டாப்பில் எண்ணெய்க் கைரேகை, தம்பியின் வேட்டியில் சேறு.

"இன்னுமா முடியல?" என்றார்.

"முடிஞ்சிட்டு மதினி."

"இவன் இங்கன என்ன செய்யுதான்?"

"வாசிச்சுக் குடுத்தாரு."

மதினி தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். "எங்க வீட்டு மனுசன் பல் வெளக்குத பிரஷ்ஷு எங்கிட்டு இருக்குன்னு இப்பவும் என்னத்தான் கேப்பாரு" என்று சொல்லிவிட்டு, ரம்புட்டான் விலை கேட்கப் போனார்.

நான் அன்று அருவியில் குளிக்கவில்லை. தண்ணீர் கூடிவிட்டது என்று போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குளியலறையில் சீயக்காய் போட்டு எண்ணெயைப் போக்கினேன். பீரோவிலிருந்த பழைய கண்ணாடி ஓரளவு உதவியது. அதைப் போட்டுக்கொண்டு, ஆர்கைவ் கட்டுகளை முறைப்படி நகலெடுக்கும் வேலையை ஓடவிட்டேன். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேவையே இல்லாவிட்டாலும், எத்தனை சதவீதம் முடிந்தது என்று அவ்வப்போது வாசித்துச் சொன்னார்.

திங்கள்கிழமை, நடந்ததைப் பற்றிப் பேச வீடியோ கூட்டம் போட்டார்கள். இந்த மாதிரிக் கூட்டங்களில் குற்றவாளி பொதுவாக 'ஒரு கோப்பு' என்றோ 'ஒரு செயல்முறை' என்றோதான் இருக்கும். கோப்பு தானாக வந்து உட்கார்ந்ததுபோலப் பேசுவார்கள். மேனேஜர் அப்படிச் செய்யவில்லை. "அது நான் வச்சது. மறந்துட்டேன்" என்று நேராகச் சொன்னார். அவருக்கு மேலே இருப்பவர்களே கொஞ்சம் தடுமாறிப் போனார்கள். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அன்று கூடியது. எச்சரிக்கைகள் இனி வேலையில் இருக்கிறவர்களுக்கு வர வேண்டும் என்றும், ஆர்கைவ் டைரக்டரியில் வேறு எதையும் வைக்க முடியாதபடி பூட்ட வேண்டும் என்றும் முடிவாயிற்று. கடைசியில் மேனேஜர், "அந்த சார் இன்னைக்கு ஜாயின் பண்ணலையா மேடம்? அவர் மட்டும் தடுக்கலைன்னா நான் எல்லாத்தையும் அழிச்சிருப்பேன்" என்றார்.

அந்த சார் அப்போது என் பின்னால், கேமரா எட்டாத இடத்தில், பனியனோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அவர் ரிட்டயர்ட் ஆயிட்டாரு சார். கூப்பிட்டா மட்டும் வருவாரு" என்றேன். வெங்காயக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தென்காசி போய்ப் புதுக் கண்ணாடி செய்துகொண்டேன். ஃபிரேமை அவர்தான் தேர்ந்தெடுத்தார். காதில் மாட்டி, கழுத்தில் தொங்கவிடக் கயிறும் வாங்கினார். எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவர் சர்வரைக் காப்பாற்றிய கதையைச் சொல்லும்போது குரங்கு மட்டும் வராது. சாரலில் கண்ணாடி மங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

அந்தத் திங்கள்கிழமைக் கூட்டத்தால் ஒரு நல்லது நடந்தது. வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆளை நிஜமாகவே போட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன், கெட்டிக்காரன். ஒரு ஞாயிறு அவனுக்கு, ஒரு ஞாயிறு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு விடுப்பான முதல் ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுவிட்டு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு காலையில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்தேன். வெளியே சாரல் இல்லை, வெயிலும் இல்லை.

வீட்டுக்காரர் குளித்து, சட்டை போட்டு, தலை சீவி மாடி ஏறினார். நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். நான் வராததைக் கண்டு கீழே இறங்கி வந்தார்.

"ஏட்டி, இன்னைக்கு நமக்கு டூட்டி இல்லையா?"

"இல்லைங்க. இன்னைக்கு அந்தத் தம்பி பாத்துக்கிடும்."

"ஓகோ" என்றார். பேப்பரை எடுத்தார். புரட்டினார், மடித்தார். சமையலறைக்குப் போய் ஏதோ டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அவனுக்கு ஒரு போன் போட்டு, எடம் எல்லாம் சரியா இருக்கான்னு கேளேன்" என்றார். "சும்மா, ஒரு வார்த்தைக்கு."

நான் போடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தபோது மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. "தம்பி, ஆர்கைவ் எம்புட்டு சதவீதம் இருக்கு? இல்ல, சும்மாதான் கேக்கேன். சரி, அந்த வரிய முழுசா வாசிங்க."